மலாயாவில் உத்தியோகம் பார்த்த என் பூட்டனார்

யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதியில் எந்த ஒழுங்கைக்குள் நுழைந்தாலும், அகன்ற திண்ணையும் தேக்குமரத் தூண்களும் நடுவே வெளிமுற்றமும் வாய்ந்த ஒரு பழைய நாற்சார் வீடு கண்ணிற் படுமானால், அதைக் கட்டியவர் யார் என்று விசாரிப்பதற்கு அவசியமே இராது. "அவர் மலாயன் பென்சனியர்" என்னும் விடை, கேள்வி பிறப்பதற்கு முன்னரே, அயலிலுள்ள யாரேனும் ஒருவர் வாயிலிருந்து வந்துவிடும். அந்த இரண்டு சொற்களுக்குள் உத்தியோகம், கௌரவம், மாதந்தோறும் தவறாமல் வந்த பணம், பெண் கொடுக்க முந்தி நின்ற சம்பந்திகள் ஆகிய யாவும் அடங்கிவிடும். அடங்காதது ஒன்றே ஒன்றுதான்: அந்த மனிதர் கடலுக்கு அப்பால் எப்படி வாழ்ந்தார் என்பது.

என் பூட்டனார், அதாவது என் அப்பப்பாவின் தகப்பனார், அந்த வர்க்கத்தைச் சேர்ந்தவர். பேராக் ராஜ்யத்து ரயில்வேயில் தந்தி வேலை பழகும் பையனாகச் சேர்ந்து, ஸ்டேஷன் மாஸ்டராக உயர்ந்து, ஓய்வுபெற்றுச் சண்டிலிப்பாய்க்குத் திரும்பி, வீடு கட்டி, பிள்ளையார் கோயிலுக்கு ஒரு மணி வாங்கிக் கொடுத்துக் காலமானார் என்பதற்கு மேல் எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. ஒரு மனுஷனுடைய ஜீவியம் முழுவதும் ஒரே வாக்கியத்திற்குள் சுருங்கிவிட்டதைப்பற்றி எனக்கு நெடுநாளாக மனக்குறை உண்டு. 1995ஆம் ஆண்டு வலிகாமத்து ஜனங்கள் ஊரை விட்டு வெளியேற நேர்ந்தபோது எத்தனையோ வீடுகளின் கடிதங்களும் காணி உறுதிகளும் படங்களும் இருந்த இடம் தெரியாமற் போயின. எங்கள் டிரங்குப் பெட்டி மாத்திரம், அதற்குப் பல வருஷங்களுக்கு முன்னரே பெரிய மாமியோடு கொழும்புக்குப் போயிருந்தபடியால் தப்பியது.

அந்தப் பெட்டியில் ஒரு பென்சன் பத்திரமும், ரயில்வே உத்தியோகஸ்தர்கள் வரிசையாக நின்றெடுத்த ஒரு மங்கிய படமும், பூட்டனார் தம் தாயாருக்கும் மனைவிக்கும் தமையனாருக்கும் எழுதிய கடிதங்களும் இருந்தன. ஆவலோடு பிரித்துப் பார்த்தேன். புகையிலைக் கன்றுக்கு எரு வைத்தாயிற்றா, கிணற்றுக்குத் துலா மாற்றினீர்களா, தெற்கு வேலி கதியால் யார் பக்கம் நட்டது, இளைய தங்கைக்குச் சீதனமாக எந்தக் காணியை எழுதுவது என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதியவர், தாம் இருந்த தேசத்தைப்பற்றி ஒரு வரிக்கு மேல் எழுதினாரில்லை. உடம்பு மலாயாவிலும் மனம் சண்டிலிப்பாயிலுமாக வாழ்ந்தவர் என்பது அக்கடிதங்களைப் படித்தால் எவருக்கும் விளங்கும். ஆனால் கடித உறைகள் அவரைக் காட்டிக்கொடுத்தன. ஒவ்வோர் உறையிலும் தபால் முத்திரை ஓர் ஊரின் பெயரைத் தாங்கி நின்றது. தைப்பிங், போர்ட் வெல்ட், தெலுக் ஆன்சன், போர்ட் ஸ்வெட்டன்ஹாம், தாப்பா ரோட், கோலாலம்பூர் என்று அந்த முத்திரைகளைக் காலக்கிரமப்படி அடுக்கியபோது அவருடைய உத்தியோகச் சரித்திரம் ஒருவாறு உருப்பெற்றது. அந்த ஊர்களுக்கு ஒவ்வொன்றாகப் போய்ப் பார்ப்பது என்று தீர்மானித்தேன்.

போன கதையைச் சொல்லுமுன், யாழ்ப்பாணத்தார் அவ்வளவு பேர் மலாயாவுக்கு ஏன் போனார்கள் என்பதையும் சிறிது சொல்ல வேண்டும். எங்கள் குடாநாடு சிறிய நிலம், ஆறு இல்லை, கிணற்று நீரை இறைத்துப் புகையிலையும் தோட்டப் பயிரும் செய்து பிழைத்த ஊர். காணி தலைமுறைக்குத் தலைமுறை சீதனமாகவும் முதுசமாகவும் துண்டுபட்டுக்கொண்டே போயிற்று. அதே காலத்தில் அமெரிக்க மிஷனாரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரியும், அதைப் பின்பற்றியும் அதற்குப் போட்டியாகவும் எழுந்த பாடசாலைகளும், ஆங்கிலம் படித்த இளைஞரை இலங்கை அரசாங்கத்தின் கந்தோர்கள் கொள்ளக்கூடிய அளவுக்கு மேலாகவே உண்டாக்கிவிட்டன. அப்பொழுதுதான், 1874ஆம் ஆண்டுப் பங்கோர் உடன்படிக்கைக்குப் பின்னர், பேராக்கில் பிரிட்டிஷார் ரெசிடெண்டு ஒருவரை வைத்து ஆட்சியை அமைக்கத் தொடங்கினார்கள். ஈயச் சுரங்கங்களிலிருந்து ஈயத்தைக் கடற்கரைக்குக் கொண்டுபோக ரயில் வேண்டும். ரயிலுக்குத் தந்தியடிக்கவும் கணக்கெழுதவும் ஆங்கிலம் தெரிந்தவர்கள் வேண்டும். அவர்கள் வெள்ளைக்காரருக்குக் கொடுக்கும் சம்பளத்தைக் கேட்காதவர்களாகவும் இருக்க வேண்டும். இவ்விரண்டு தேவைகளும் சந்தித்த இடத்திலேதான் எங்கள் முன்னோர் கப்பலேறினார்கள். இலங்கைப் பகிரங்க வேலைப் பகுதியில் கடமையாற்றிவிட்டுச் சிலாங்கூருக்கு 1891இல் ராஜ்ய எஞ்சினியராக வந்து, பின்னர் மலாய் ஐக்கிய ராஜ்யங்களின் ரயில்வே முழுமைக்கும் ஜெனரல் மானேஜராக விளங்கிய ஸ்பூனர் என்பவர் யாழ்ப்பாணத்தாரின் வேலையை முன்பே அறிந்தவராயிருந்ததும் அவர்களுக்கு ஓர் அநுகூலமாயிற்று.

தைப்பிங்கிலிருந்து என் பிரயாணம் ஆரம்பமாயிற்று. மலாய் தீபகற்பத்தில் மிகுந்த மழை பெய்யும் ஊர்களில் ஒன்று அது. வருஷத்துக்கு ஏறக்குறைய 4,000 மில்லிமீட்டர் என்று கணக்குச் சொல்வார்கள். கிணற்றுத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக எண்ணிப் பழகிய சண்டிலிப்பாய் இளைஞன் ஒருவன், பிற்பகல் தோறும் மலையிலிருந்து இறங்கிவரும் அந்த மழையைப் பார்த்து என்ன நினைத்திருப்பான் என்று, ஏரிப் பூங்காவின் கரையிலே, தண்ணீரைத் தொடுமளவுக்குச் சாய்ந்து கிடக்கும் தூங்குமூஞ்சி மரங்களின் கீழ் ஒதுங்கி நின்றபடி யோசித்தேன். அந்த ஏரியே பழைய ஈயச் சுரங்கக் குழிதான். ஊரின் முதல் ரயில் நிலையம் இருந்த இடத்தில் இப்பொழுது ஏழாம் எட்வர்ட் அரசர் பெயரால் அமைந்த பாடசாலை நிற்கிறது. பூட்டனார் தந்தி பழகிய அறையைத் தேடிப்போன எனக்கு, இடைவேளை மணி அடித்ததும் ஓடிவந்த மாணவர்களின் ஆரவாரந்தான் கிடைத்தது. அதில் எனக்கு வருத்தமில்லை.

தைப்பிங்கையும் போர்ட் வெல்ட்டையும் இணைத்து 1885ஆம் ஆண்டு ஜூன் மாதம் 1ஆம் தேதி திறக்கப்பட்ட சுமார் எட்டு மைல் நீளமான பாதையே மலாய் ராஜ்யங்களின் முதல் ரயில்பாதை. அதை அமைக்கும் வேலைக்கு இலங்கையிலிருந்து பயனியர் படையினரை வரவழைத்தார்கள் என்பது எங்கள் ஊரவர் பலர் அறியாத சங்கதி. கவர்னர் வெல்ட் என்பவரின் பெயரைத் தாங்கியிருந்த அத்துறைமுகம் இப்பொழுது கோலா செபெத்தாங் என்று வழங்குகிறது. தண்டவாளம் இல்லை, நிலையமும் இல்லை. சீன மீனவர்களுடைய வீடுகளுக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கும் நடுவே ஒரு சீட்டுக் கொடுக்கும் சாளரமும், ஆங்கிலம், ஜாவி, சீனம், தமிழ் ஆகிய நான்கு எழுத்துக்களிலும் ஊர்ப்பெயர் பொறித்த பலகையும் எஞ்சி நிற்கின்றன. சுற்றிலும் மாத்தாங் கண்டற்காடு. 1902 முதல் முறைவைத்து வெட்டியும் நட்டும் காக்கப்பட்டுவரும் வனம் அது. அந்த மரத்தைச் சூளையில் வேகவைத்துக் கரியாக்கும் தொழில் இன்றைக்கும் நடக்கிறது. கடல் வற்றிய நேரத்தில் சேற்றின் வாடையும் சூளைப் புகையும் கலந்து வீச, அந்தச் சாளரத்தின் முன் நின்றபோது, "இங்கே காற்று நல்லது" என்று தம் தாயாருக்கு அவர் எழுதியிருந்த ஒற்றை வாக்கியம் ஞாபகத்துக்கு வந்தது. மகன் தாய்க்கு எழுதும் கடிதத்தில் உண்மையை எதிர்பார்ப்பது முறையன்று.

அடுத்த முத்திரை தெலுக் ஆன்சன், இக்காலத்துத் தெலுக் இந்தான். 1885இல் சீன வேலைத்தலைவர் ஒருவர் கட்டிய, தண்ணீர்த் தொட்டியையும் மணிக்கூட்டையும் சுமந்துகொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும் கோபுரத்தை அங்கே யாவரும் பார்க்கப் போகிறார்கள், நானும் பார்த்தேன். ஆனால் என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது ஊருக்கு வெளியே உள்ள ஒரு பலகை. 1894ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் தேதி, தன் கூட்டத்தைக் காக்கும் பொருட்டு ரயில்வண்டியை எதிர்த்துப் பாய்ந்து அதைத் தடம்புரளச் செய்து தானும் மாண்ட காட்டு யானை ஒன்றை அங்கே புதைத்திருப்பதாக அது அறிவிக்கிறது. தாப்பா ரோட்டிலிருந்து தெலுக் ஆன்சனுக்குப் பாதை திறந்தது 1893இல்; அடுத்த வருஷமே இந்தச் சம்பவம். கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயம் முழுவதும் கடலை நோக்கிப் போவதற்கு அந்தப் பாதையே அப்பொழுது வாயிலாயிருந்தது. கம்பெனிகளின் கணக்கில் அது லாபகரமான கிளைப்பாதை. காட்டின் கணக்கில் அது வேறொன்று. இந்த யானைச் சம்பவத்தை அந்தப் பகுதியில் வேலை பார்த்த ஒருவர் கேள்விப்படாமல் இருந்திருக்க முடியாது. இருந்தும் கடிதங்களில் யானையும் இல்லை, காடும் இல்லை. வீட்டிலுள்ளவர்கள் பயப்படுவார்கள் என்பதுதான் காரணமாயிருக்கும்.

இங்கே ஸ்டேஷன் மாஸ்டர் என்பவரின் தொழிலைச் சற்று விவரிக்க வேண்டும். ஏனெனில், பச்சைக்கொடி காட்டிவிட்டு நாற்காலியில் சாய்ந்திருப்பவர் என்றே நம்மிற் பலர் எண்ணியிருக்கிறோம். ஒற்றைப் பாதையில் இரண்டு வண்டிகள் எதிரெதிராக வந்துவிடாமற் காப்பது முழுக்க அவர் பொறுப்பு. அடுத்த நிலையத்தாரிடம் தந்தி மூலம் அனுமதி கேட்டு, அவர் 'லைன் கிளியர்' கொடுத்த பின்னரே வண்டியை விட வேண்டும். கொடுத்த நேரமும் விட்ட நேரமும் வந்துசேர்ந்த நேரமும் புத்தகத்தில் ஏற வேண்டும். இதற்கு மேல் சீட்டு விற்ற பணம், சரக்கு ரசீது, ஈயக் கட்டிகளின் எண்ணிக்கை, பிற்காலத்தில் ரப்பர்ப் பெட்டிகளின் நிறை ஆகிய அனைத்துக்கும் அவரே உத்தரவாதி. கணக்கில் ஒரு வெள்ளி குறைந்தால் சம்பளத்திற் பிடிப்பார்கள்; லைன் கிளியரில் ஒருமுறை பிசகினால் உயிர்கள் போகும். இரவு முழுவதும் விழித்திருந்து தந்திக் கருவியின் சத்தத்துக்குக் காது கொடுத்திருப்பவருக்கு, தாயகத்திலிருந்து இத்தனை தூரத்தில், பேச்சுத் துணை யார்? வேலிக் கதியாலைப்பற்றி அவர் ஏன் அவ்வளவு விஸ்தாரமாக எழுதினார் என்பது எனக்கு அங்கேதான் அர்த்தமாயிற்று.

1901ஆம் ஆண்டு பேராக் ரயில்வேயும் சிலாங்கூர் ரயில்வேயும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தன. ஸ்பூனர் அதன் தலைவரானார். அந்த இணைப்பின் பயனாகப் பூட்டனாருக்குச் சிலாங்கூருக்கு மாற்றல் வந்தது. வந்த இடம் போர்ட் ஸ்வெட்டன்ஹாம். அந்தப் புதிய துறைமுகம் அதே வருஷம் செப்டம்பரில் திறக்கப்பட்டு, திறந்த சில வாரங்களுக்குள்ளேயே மலேரியாவினால் ஆட்கள் சாய்ந்து, மூடிவிடலாமா என்று அரசாங்கமே ஆலோசிக்கும் நிலைக்கு வந்தது. மல்கம் வாட்சன் என்னும் வைத்தியர், சதுப்பு நிலத்துக்கு அணைபோட்டு, வாய்க்கால் வெட்டி நீரை வடித்து, நுளம்பு பெருகும் இடங்களை ஒழித்து அந்த ஊரை மீட்டார். நுளம்பே மலேரியாவைப் பரப்புகிறது என்று ரொனால்ட் ராஸ் நிரூபித்துச் சில வருஷங்களே கழிந்திருந்தன என்பதை நினைத்தால் அந்தக் காரியத்தின் பெருமை விளங்கும். அந்த முத்திரையிட்ட உறைக்குள் இருந்த கடிதம் மாத்திரம் அரைப் பக்கத்தில் முடிகிறது. "தேகம் சற்று அசௌகரியம், குயினைன் எடுக்கிறேன், யோசிக்க வேண்டாம்" என்பது அதன் சாரம். கையெழுத்து ஆடியிருக்கிறது. கோலாலம்பூரிலிருந்து, போர்ட் கிள்ளான் என்று இக்காலத்தில் வழங்கும் அவ்வூருக்கு, இப்பொழுது குளிர்சாதன மின்ரயில் ஓடுகிறது. அதிலிருந்து இறங்கி, பாரந்தூக்கிகளும் இரும்புப் பெட்டிகளும் மலைபோற் குவிந்த துறைமுகத்தை வேலிக்கு இப்பாலிருந்து பார்த்தபோது, குடும்பத்தில் அவருக்கு அடைமொழியாக வழங்கிவந்த 'அதிர்ஷ்டசாலி' என்னும் பதம் எனக்கு உவப்பாயிருக்கவில்லை.

ஆனால் என் பூட்டனாரைப்பற்றி நான் அறிந்துகொண்டவற்றுள் முக்கியமானதைச் சொன்னவர் தாப்பா ரோட்டில், ரயில் நிலையத்துக்குச் சமீபத்திலுள்ள தேநீர்க்கடையில் அமர்ந்திருந்த ஒரு முதியவர். ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புக் கூட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவருடைய தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பலேறிக் கங்காணி மூலம் வந்தவர். நான் வந்த காரியத்தைக் கேட்டுக்கொண்டு, சிறிது நேரம் சிரித்தார்.

"யாழ்ப்பாணத்து ஸ்டேஷன் மாஸ்டரா? எங்க தாத்தா கம்பிச் சடக்குல கட்டை மாத்துற ஆளு. உங்க ஆளுங்க ஆபீசு, கிராணி. எங்க ஆளுங்க வெளியில நின்னுதான் பேசணும். உள்ள வரச் சொல்ல மாட்டாங்க, தம்பி."

"ஓம் ஐயா, அப்படித்தான் இருந்திருக்கும். அவரை நியாயப்படுத்த நான் வரேல்லை" என்றேன்.

"கோபிச்சுக்காதீங்க. இன்னொன்னும் சொல்லணும் இல்லே? ஊருக்குப் பணம் அனுப்புற பாரத்த எழுதிக் கொடுத்ததும் அவங்கதான். சாவுத் தந்தி வந்தா படிச்சுச் சொல்றதும் அவங்கதான். எங்க தாத்தாவோட அம்மா செத்த சேதியை அப்படித்தான் ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் சொன்னாராம். சொல்லிட்டு, அன்னிக்கு மட்டும் உள்ளே கூப்பிட்டு உட்கார வச்சாராம்."

அந்த ஸ்டேஷன் மாஸ்டர் என் பூட்டனார் என்று நினைத்துக்கொள்ள மனம் ஆசைப்பட்டது. அதற்கு ஆதாரம் ஏதும் இல்லை, அந்த ஆசைக்கு இடம் கொடுப்பதும் நேர்மையாகாது. வேறு யாரோ ஒரு யாழ்ப்பாணத்தார் என்றே வைத்துக்கொள்வோம். முதியவர் தொடர்ந்து, தம் பெரிய தாத்தா ஜப்பான்காரர் காலத்தில் சயாம் மரண ரயிலுக்குப் பிடிபட்டுப் போய்த் திரும்பவில்லை என்றார். சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் நீளத்துக்கு ஜப்பானியர் இட்ட அந்தப் பாதைக்கு, மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரக்கணக்கானவர் கொண்டுபோகப்பட்டு மாண்டார்கள் என்பதும், மலாயாவின் கிழக்குக்கரைப் பாதையிலிருந்து பிடுங்கிய தண்டவாளங்களே அங்கே கொண்டுபோய்ப் போடப்பட்டன என்பதும் சரித்திரம். அந்தத் தொழிலாளருக்குப் பென்சன் பத்திரமும் இல்லை, தேக்குத் தூண் வீடும் இல்லை, பேரப்பிள்ளைகள் பிரித்துப் படிக்கக் கடிதப் பெட்டியும் இல்லை. நம்முடைய பெருமையின் மறுபக்கம் அந்தத் தேநீர்க்கடையில் எனக்கு எதிரே அமர்ந்து, தேநீருக்கு நான் பணம் கொடுக்கக்கூடாதென்று பிடிவாதம் பண்ணிற்று.

கடைசி முத்திரை கோலாலம்பூர். ஹப்பக் என்னும் கட்டடக் கலைஞர் வகுத்து, மினார்களும் குவிமாடங்களுமாக 1910இல் எழுந்த அந்த ரயில் நிலையத்தை ஒருமுறை சுற்றி வந்துவிட்டு, தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். அரசாங்க கெசட்டின் பழைய தொகுதிகளில், பதவி உயர்வு பெற்றவர்களின் ஜாபிதாவிலே, அவர் பெயர் ஒரு வரியாக இருந்தது; முதலெழுத்தும் பெயரும் பதவியும் தவிர வேறொன்றும் இல்லை. ரயிலின் சரித்திரம் அலமாரி அலமாரியாக இருக்கிறது. அதை ஓட்டியவர்களின் சரித்திரம் ஒரு வரியில் முடிகிறது. பிற்பகலில் பிரிக்பீல்ட்ஸில், நல்லூரைப் பார்த்து யாழ்ப்பாணத்தார் அமைத்த கந்தசுவாமி கோயிலுக்குப் போனேன். தேவாரமும் தீபாராதனையும் முறை தவறாமல் நடந்தன. இந்த அந்நிய பூமியில் இந்த மனிதர்கள் தங்களுக்கென்று செய்துகொண்ட ஒரே சுகபோகம் இந்தக் கோயில்தான் போலும் என்று எனக்குத் தோன்றிற்று.

இனி, என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் பூட்டனாரைப்பற்றி வழங்கிய கதை பொய்யன்று. ஆனால் அது அவர் திரும்பி வந்த பிற்பாடு தொடங்கும் கதை. வெள்ளைக்காரத் துரைக்குக் கீழும் கூலிக்காரருக்கு மேலுமாக இருந்த படியில் அவர் வாழ்ந்தார். மேலே உள்ளவர்கள் அவரை நம்பினார்கள், சரியாசனம் கொடுக்கவில்லை. கீழே உள்ளவர்களுக்கு அவர் உதவினார், சரியாசனம் கொடுக்கவில்லை. தமக்கு மறுக்கப்பட்டதையே தாமும் பிறருக்கு மறுத்தார் என்பது அவருடைய காலத்தின் குற்றம் மாத்திரமன்று, அவருடைய குற்றமுமாகும். அதே சமயம், காய்ச்சலிலும் தனிமையிலும் ஒரு லைன் கிளியரையும் பிசகவிடாமல் உத்தியோகம் பார்த்து, மிச்சம் பிடித்து, தம்பி தங்கைகளைக் கரையேற்றியது சாமானியமான காரியமும் அன்று. சண்டிலிப்பாயில் வருஷக்கணக்காக அவரை எதிர்பார்த்து, அவர் பணத்தைக் கொண்டு வேலியும் கிணறும் சீதனமும் பார்த்துக்கொண்ட என் பூட்டியாரின் உழைப்பையும் அதே தராசில் வைத்துப் பார்த்தால், அந்த வீட்டுக்கு உரியவர் ஒருவரல்ல, இருவர் என்பது தெளிவாகும். ஊரோ அவ்வீட்டை இன்றுவரை அவர் பெயரால் மாத்திரமே அழைக்கிறது.

இதைப் படிக்கும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டுப் பெட்டியிலும் மலாயாக் கடிதங்களோ பர்மாக் கடிதங்களோ இருக்குமானால், உறைகளை எறிந்துவிடாதீர்கள்; உள்ளே எழுதியவர் மறைத்ததை வெளியே உள்ள முத்திரை சொல்லிவிடும். பென்சன் பத்திரத்தில் உள்ள இலாகாவின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். கெசட்டில் தேடுவதற்கு அதுவே திறவுகோல். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் நூறு வருஷம் வாழ்ந்த இலங்கையரைப்பற்றித் துரைராஜசிங்கம் தொகுத்து வெளியிட்ட பெருநூலைப் புரட்டிப் பாருங்கள். பலருடைய பெயர் அதில் அகப்படும். கோயில்களின் உபயக் கற்களையும் பாடசாலைகளின் பழைய இடாப்புகளையும் விட்டுவிடாதீர்கள். வசதியுள்ளவர்கள் அந்த ஊர்களுக்கு நேரிலே போய் வாருங்கள். போனால், உங்கள் பாட்டனார் உட்கார்ந்த நாற்காலியை மாத்திரம் தேடிவிட்டுத் திரும்பாதீர்கள். அந்த நாற்காலிக்கு முன்னால் நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் அங்கே இருக்கிறார்கள், அவர்களிடமும் கேளுங்கள்.